புறா ஏன் எந்நேரமும் இறகு கோதுகிறது?

சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறவரை ‘ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிறவர்’ என்போம். நான் இங்கே அந்த வேலையைத்தான் செய்யப்போகிறேன். ஈரில் தொடங்கி, பேனுக்குப் போய், கடைசியில் பறவையின் அலகு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்பதுவரை இழுக்கப்போகிறேன். பேன் என்றதும் தலை அரிக்கத் தொடங்கினால் சொறிந்துகொள்ளுங்கள்; எழுதும்போது எனக்கும் அரித்தது.

சன்னல் மேலிருக்கும் சன்ஷேடில் வந்து உட்காரும் மாடப்புறாவைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். முனகும், எச்சமிடும். மற்ற நேரமெல்லாம் கழுத்தைத் திருப்பி நெஞ்சிறகைக் கோதும், இறக்கையை விரித்து ஒவ்வொரு இறகாக அலகுக்குள் விட்டு இழுக்கும். ‘கோதுதல்’ என்ற சொல்லைத் தலைமுடிக்கும் சொல்கிறோம், பறவைக்கும் சொல்கிறோம். பொருத்தம்தான், இரண்டும் சீப்பு வேலை. பறவைகள் பகற்பொழுதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இப்படி உடம்பைப் பேணுவதிலேயே கழிக்கின்றன. அழகுக்காக மட்டும் யாரும் அவ்வளவு நேரம் செலவிட மாட்டார்கள். பறவைக்கு இறகைச் சீராக்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும். அதோடு பேன் பார்க்கவும் வேண்டும்.

பறவைப் பேன் என்பது என்ன? இறக்கையில்லாத, தட்டையான, ஆறு கால் பூச்சி. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட பேன் இனங்கள் சுமார் 5,000. அவற்றில் ஏறக்குறைய 4,000 பறவைகள் மேல் வாழ்பவை. நம் தலையில் இருப்பது இரத்தம் உறிஞ்சும் பேன். அதன் வாய் ஊசி மாதிரி. பறவைப் பேனுக்கு ஊசி கிடையாது, தாடைதான் உண்டு. அதனால் கடிக்கும், மெல்லும். ஆகவே அவற்றை ‘மெல்லும் பேன்கள்’ என்கிறார்கள். ஆடு, மாடு, நாய்களிலும் மெல்லும் பேன்கள் இருக்கின்றன. சொல்லப்போனால் உறிஞ்சும் பேன்களே மெல்லும் பேன்களின் கூட்டத்திலிருந்து கிளைத்தவைதாம். நம் தலைப்பேனுக்கு இவை பங்காளி முறை.

கொசு நம்மைக் கடித்துவிட்டுப் போய்விடும். மூட்டைப்பூச்சி கட்டில் இடுக்கில் குடியிருந்து ராத்திரி மட்டும் வரும். பேனுக்குப் போக்கிடம் கிடையாது. முட்டை, குஞ்சு, வளர்ந்த பேன் என்று வாழ்நாள் முழுவதும் பறவையின் உடம்பில்தான். முட்டையை (அதுதான் ஈர்) இறகோடு சேர்த்துப் பசைபோட்டு ஒட்டிவிடும். குஞ்சு பார்ப்பதற்குச் சின்னப் பேன் மாதிரியே இருக்கும், மூன்று முறை தோலுரித்துப் பெரிதாகும். புறாவின் இறக்கையில் வாழும் பேனுக்கு முட்டையிலிருந்து அடுத்த முட்டைவரை சுமார் 24 நாள். பறவையை விட்டு விழுந்தால் சில நாட்களில் செத்துப்போகும். அந்த வெப்பமும் ஈரப்பதமும் வேறெங்கும் கிடைக்காது.

தின்பது என்ன? பெரும்பாலும் இறகைத்தான். இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் நகமும் முடியும்கூட அதே வகைப் பொருள்தான். நகத்தைத் தின்று உயிர்வாழ முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பேனால் முடிகிறது. அப்படிப்பட்ட சாப்பாட்டில் கிடைக்காத சத்துகளை ஈடுகட்டப் பல பேன்கள் உடலுக்குள்ளேயே பாக்டீரியாக்களை வைத்துப் பராமரிக்கின்றன.

எல்லாம் இறகோடு நிற்பதில்லை. பறவைப் பேன்களில் இரண்டு பெரிய பிரிவுகள். ஒன்று இறகைக் கவ்விக்கொண்டு இறகிலேயே வாழும் சாதுக்கள். இன்னொன்று தோலின் மேல் ஓடித் திரியும் வேகக்காரர்கள். இவை தோலையும் கடிக்கும், சிலது இரத்தமும் குடிக்கும். கோழியின் உடம்புப் பேன் இரண்டாம் வகை. புதிதாக முளைக்கும் குருத்து இறகுக்குள் இரத்தம் ஓடும் அல்லவா, அதைக் கடித்து உடைத்துக் குடிக்கும். அன்னங்கள் மேல் வாழும் ஒரு பேன், இரத்தம் குடிக்கும்போது இதயப்புழுவையும் ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்திவிடுகிறது. இப்படி நோய் பரப்புபவை குறைவு. பெரும்பாலான பறவைப் பேன் சத்தமில்லாமல் இறகை மென்றுகொண்டிருக்கும் குடித்தனக்காரர்தான்.

ஒரு பறவைக்கு ஒரு பேன் என்று கணக்கில்லை. ஒரே பறவையில் பல இனங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித் தெரு. தலைப்பேன் உருண்டையாக, பெரிய தலையோடு இருக்கும். அலகு எட்டாத இடம் என்பதால் அதற்கு ஓட வேண்டிய அவசியமில்லை. இறக்கைப்பேன் குச்சிபோல் நீளம். வயிற்றுப்பேன் குட்டை. விசித்திரமான முகவரிகளும் உண்டு. கர்லூ என்னும் கரைப்பறவையின் பேன் ஒன்று இறகுத் தண்டின் உள்ளே, அந்தக் குழாய்க்குள் வாழ்கிறது. கூழைக்கடாவின் பேன் அதன் தொண்டைப் பைக்குள் வாழ்கிறது! மீன் அள்ளும் அந்தப் பைக்குள், தண்ணீர் போய்வரும் இடத்தில், கொக்கிபோட்டுத் தொங்குகிறது. முட்டையிட மட்டும் வெளியே வந்து தலையிறகில் ஒட்டிவிட்டுப் போகிறது. பருந்து வகைகளில் இருக்கும் ஒரு பேன் ஒரு சென்டிமீட்டர் வரை வளரும். பேனில் அது யானை.

இனி மாடப்புறாவுக்கு வருவோம். உலகெங்கும் நகரங்களில் இருப்பதாலும் பிடிப்பதும் வளர்ப்பதும் எளிது என்பதாலும் பறவைப் பேன் ஆராய்ச்சியின் சோதனைச்சாலை இந்தப் புறாதான். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேல் கிளேட்டன், சாரா புஷ் இருவரும் அவர்கள் மாணவர்களும் பல பத்தாண்டுகளாகப் புறாவையும் அதன் பேனையும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். இனிச் சொல்லப்போவதில் பாதி அவர்கள் கண்டுபிடித்ததுதான்.

மாடப்புறாவில் முக்கியமாக இரண்டு பேன்கள். ஒன்று கொலம்பிகோலா கொலம்பே என்ற இறக்கைப்பேன். ஒல்லி, 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். புறா உதிர்த்த பெரிய இறக்கையிறகை வெளிச்சத்தில் பிடித்தால் இழைகள் வரிவரியாகத் தெரியும். அந்த இரண்டு இழைகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் இந்தப் பேன் உடம்பை நுழைத்துப் படுத்துக்கொள்ளும். பென்சில் கோடு போலத்தான் இருக்கும். புறா அலகால் வருடிப்போனாலும் சிக்காது. மற்றொன்று காம்பனுலோட்டஸ் என்ற உடம்புப்பேன். குட்டை, பருமன். இது வயிற்றிறகின் பஞ்சுபோன்ற தூவிக்குள் புகுந்து தப்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் சாப்பாடு ஒரே இடத்தில்தான், வயிற்றுப் பக்கத்துத் தூவியில். இறக்கையிறகு தடிமன், கடிக்க முடியாது. ஆகவே ஒல்லிப்பேன் இறக்கையில் ஒளிந்திருந்து சாப்பாட்டுக்கு மட்டும் வயிற்றுக்கு வந்துபோகிறது.

பேன் இருந்தால் புறாவுக்கு என்ன நட்டம்? ஒன்றிரண்டால் ஒன்றுமில்லை. பெருகினால் தூவி தேய்ந்து, குளிர்தாங்கும் போர்வையில் ஓட்டை விழுந்த கதையாகிவிடும். உடல் சூட்டைக் காக்கப் புறா கூடுதலாக எரிசக்தி செலவிட வேண்டியிருக்கிறது. இன்னொரு நட்டமும் உண்டு. 1990-இல் வெளியான ஒரு சோதனையில், பேன் மண்டிய ஆண் புறாவையும் பேன் இல்லாத ஆணையும் பெண் புறாக்களுக்குக் காட்டினார்கள். பெண்கள் பெரும்பாலும் பேன் இல்லாத மாப்பிள்ளையையே தேர்ந்தன. வரன் பார்க்கும்போது தலையைப் பார்ப்பது மனிதர் மட்டும் செய்யும் காரியமில்லை போலிருக்கிறது.

கோதுவதால்தான் பேன் கட்டுக்குள் இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? கிளேட்டன் குழுவினர் புறாவின் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே மிகச் சிறிய வளையத் துண்டைப் பொருத்தினார்கள். அலகு முழுதாக மூடாது. தானியம் பொறுக்குவதில் தொல்லையில்லை. ஆனால் இறகைக் கவ்விப் பேனை நசுக்க முடியாது. அவ்வளவுதான், பேன் மளமளவெனப் பெருகியது.

அதைவிட நுணுக்கமான சோதனை 2005-இல் வெளிவந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகானது அதுதான். புறாவின் மேலலகு நுனி கீழலகைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் வளைந்து தொங்கும். ஒரு சின்னக் கொக்கி. அது தீனி பொறுக்க உதவுகிறது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கோதும்போது அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். கீழலகு முன்னும் பின்னும் நகர்ந்து அந்தக் கொக்கியில் மோதுகிறது, நொடிக்கு 30 தடவைக்கு அருகில். கத்தரிக்கோலின் இரண்டு அலகு போல. இடையில் சிக்கும் பேனின் உடம்பு கிழிகிறது. அந்தக் கொக்கியை மட்டும் அரத்தால் தேய்த்து நீக்கினார்கள். வலிக்காது, நகம் வெட்டுவதுபோல. புறா வழக்கம்போல் தின்றது, வழக்கம்போல் கோதியது. ஆனால் பேன் பெருகியது. கொக்கி மறுபடி வளர்ந்ததும் குறைந்தது.

ஆக, அலகு தின்பதற்கான கருவி என்பது பாதி உண்மைதான். எந்தப் பறவை எதைத் தின்கிறது என்பதை வைத்தே அலகின் வடிவத்தைப் பாடப் புத்தகங்கள் விளக்கும். அலகு பேன்சீப்பும்கூட. அதன் நுனி வடிவத்தைச் செதுக்கியதில் 2 மில்லிமீட்டர் பூச்சிக்கும் பங்கிருக்கிறது.

அலகு பேனைச் செதுக்கவில்லையா? செதுக்குகிறது, அதுவும் நம் கண்முன்னே. வெள்ளைக் கொக்காட்டுக் கிளியின் பேன் வெளிறியிருக்கும், கருங்கொக்காட்டுவின் பேன் கருமை. அலகு எட்டும் இடத்தில் வாழும் பேன்களுக்குத்தான் இந்த ஒற்றுமை. அலகு எட்டாத தலையில் வாழும் பேன்கள், பறவை எந்த நிறமானாலும் கருப்பாகவே இருக்கின்றன. யாரும் பார்க்காத இடத்தில் ஒளிவு எதற்கு? சாரா புஷ் குழுவினர் இதைப் புறாவில் சோதித்தார்கள். சாம்பல் நிறப் புறாக்களின் பேன்களை எடுத்து வெள்ளைப் புறாக்களிலும் கருப்புப் புறாக்களிலும் விட்டு 4 ஆண்டு காத்திருந்தார்கள். பேனுக்கு அது சுமார் 60 தலைமுறை. வெள்ளைப் புறாவின் பேன்கள் வெளிறின, கருப்புப் புறாவில் கருமை கூடியது. அலகு மூட முடியாதபடி செய்த புறாக்களில் அப்படி நிறம் மாறவில்லை. பார்த்துப் பார்த்துப் பொறுக்கும் கண்ணும் அலகும் இருந்தால்தான் நிறம் மாறும். முடிவு 2019-இல் வெளியானது. பரிணாமம் என்றாலே கோடி ஆண்டு என்று நினைக்கிறோம்; இதை ஒரு மாணவர் முனைவர் பட்டம் வாங்கும் காலத்துக்குள் பார்த்துவிட்டார்கள்.

உடல் அளவும் அப்படித்தான். பெரிய பறவைக்குப் பெரிய பேன், சின்னப் பறவைக்குச் சின்னப் பேன். லான்சலாட் ஹாரிசன் 1915-இல் கவனித்துச் சொன்னதால் அதற்கு ஹாரிசன் விதி என்று பெயர். இறகிழைகளின் இடைவெளிக்குள் பேன் சரியாகப் பொருந்த வேண்டும். பெருத்த பேன் உள்ளே நுழையாது. வெளியே துருத்திக்கொண்டிருப்பதை அலகு பொறுக்கிவிடும். ஒரு புறா இனத்தின் பேனை அளவில் மாறுபட்ட இன்னொரு புறா இனத்தின் மேல் விட்டுப் பார்த்தபோது, கோத முடிந்த பறவையில் அது பிழைக்கவில்லை. கோத முடியாத பறவையில் பிழைத்தது. பேனை அதன் சொந்தப் பறவையோடு கட்டிப்போட்டிருப்பது சாப்பாடு அல்ல, அலகுதான்.

பேனைச் சமாளிக்கப் பறவைக்கு வேறு வழிகளும் உண்டு. தலையைக் காலால் சொறியும். அலகு பெரிதாகி நுணுக்கமான வேலைக்கு உதவாமல் போன டூக்கான் போன்றவை அதிகம் சொறிகின்றன. இணைப்புறா ஒன்றன் கழுத்தை மற்றொன்று கோதும். அதைக் காதல் என்று நினைத்துப் புகைப்படம் எடுப்போம், இருக்கட்டும், காதலும்தான். கோழி மண்ணில் புரளும். சில பறவைகள் வெயிலில் இறக்கையை விரித்து அசையாமல் கிடக்கும். அந்தச் சூட்டில் பேன்கள் சாகின்றன என்று சோதனை காட்டியிருக்கிறது. வறண்ட காற்றும் பேனுக்கு எமன். ஈரப்பதம் குறைந்த ஊர்களின் பறவைகளில் பேன் குறைவு.

பேன் ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது? பெரும்பாலும் கூட்டில், தாயிடமிருந்து குஞ்சுக்கு. இணைசேரும்போதும் போகும். சொத்து மாதிரி பரம்பரையாக வருவது. சரி, குயிலுக்கு? மாற்றான் கூட்டில் வளரும் குஞ்சுக்குப் பெற்றவர் முகமே தெரியாது. நம் குயில் காகத்தின் கூட்டில் வளர்வதைப் போல, ஐரோப்பா, ஜப்பான் பக்கத்துக் குயிலினம் சின்னப் பறவைகளின் கூட்டில் வளர்கிறது. அந்தக் குயில்களை ஆராய்ந்தபோது, கூட்டை விட்டு வந்த இளம் குயில்களில் குயிலுக்குரிய பேன் இல்லை. வளர்ந்த குயில்களில் இருந்தது. வளர்த்தவர் வீட்டுப் பேன் ஒட்டவில்லை. தன் இனத்தோடு, அநேகமாக இணைசேரும் காலத்தில், பழகிய பிறகே பரம்பரைப் பேன் வந்து சேர்கிறது.

ஒல்லிப்பேனுக்கு இன்னொரு வழியும் தெரியும். புறாவின் இறகுக்குள் ஒரு தட்டையான ஈ ஓடும். வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள், அடித்தாலும் சாகாத ஜென்மம். இரத்தம் குடித்துவிட்டு அடுத்த புறாவுக்குப் பறக்கும். ஒல்லிப்பேன் அந்த ஈயின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு டிக்கெட் இல்லாமல் பயணம் போகிறது. குட்டைப்பேனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. விளைவு சுவையானது. பஸ் பிடிக்கத் தெரிந்த ஒல்லிப்பேன்களின் வம்சாவளி, புறாக்களின் வம்சாவளியோடு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. அங்கும் இங்கும் தாவியிருக்கின்றன. வீட்டைவிட்டு நகராத குட்டைப்பேன்களின் வம்சாவளி புறாக்களுடையதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. புறா இனம் இரண்டாகப் பிரிந்தால் பேனும் பிரிந்திருக்கிறது.

இதனால் பறவைகளின் உறவுமுறைச் சண்டையில் பேனைச் சாட்சிக்குக் கூப்பிடும் பழக்கம் உண்டு. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் நாம் பார்க்கும் பூநாரைக்கு யார் நெருங்கிய சொந்தம் என்பது நீண்டகால வழக்கு. நாரையா, வாத்தா? பூநாரையின் பேன்கள் வாத்தின் பேன்களை ஒத்திருந்தன. ‘அப்படியானால் வாத்துதான்’ என்றது ஒரு தரப்பு. பிறகு மரபணு ஆய்வு வந்து, யாரும் எதிர்பாராத முக்குளிப்பானைக் கைகாட்டியது. பேன் பொய்சாட்சி சொல்லிவிட்டதா? பேன்களின் மரபணுவையும் பார்த்தபோது, பூநாரைப் பேனுக்கும் முக்குளிப்பான் பேனுக்கும் உறவு இருந்தது. பூநாரையிடமிருந்து வாத்துக்குத்தான் பேன் தாவியிருக்க வேண்டும் என்று 2006-இல் விளக்கினார்கள். சாட்சி சரியாகத்தான் சொன்னது, வக்கீல்கள்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள்.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி: இது நம் தலைக்கு வருமா? வராது. பறவைப் பேனுக்கு இறகு வேண்டும். மனிதர் மேல் ஏறினாலும் குடியிருக்க முடியாது. கோழிக்கூண்டில் கைவிட்டால் ஊர்ந்து அரிப்பெடுக்க வைப்பதைச் செள்ளு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். புறாக்கூடு இருக்கும் சன்னலோரம் படுத்துக் கடிபட்டவர்களும் உண்டு. அப்படிக் கடிப்பது பெரும்பாலும் சிற்றுண்ணி, எட்டுக் கால் கொண்டது, பேனைப்போலப் பூச்சிகூட இல்லை. சந்தேகமிருந்தால் பூதக்கண்ணாடி வைத்துக் காலை எண்ணுங்கள்.

ஒரே பறவையை நம்பி வாழ்வதில் ஓர் ஆபத்து உண்டு. வட அமெரிக்காவின் கலிபோர்னியா காண்டார் என்ற பெருங்கழுகு அழிவின் விளிம்புக்குப் போனபோது, 1987-இல் மிச்சமிருந்தவற்றை எல்லாம் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். மொத்தம் 27 பறவைகள். நல்லெண்ணத்தில் பேன்மருந்தும் போட்டார்கள். இன்று காண்டார்கள் மறுபடி பறக்கின்றன. அவற்றில் மட்டுமே வாழ்ந்த ஒரு பேனினம் அதன்பின் காணப்படவில்லை. அந்தப் பேன் காண்டாரைக் கொன்றுகொண்டிருக்கவில்லை. யாரும் அதை அழிக்க நினைக்கவுமில்லை, காப்பாற்றவும் நினைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான கதை பயணிப் புறாவின் பேனுடையது. வட அமெரிக்க வானத்தை மறைத்துக்கொண்டு பல நூறு கோடியாகப் பறந்த புறா அது. சுட்டே தீர்த்தார்கள். கடைசிப் புறா மார்த்தா, சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் 1914 செப்டம்பர் 1 அன்று செத்தது. அருங்காட்சியகத்தில் இருந்த பாடம்செய்த புறாக்களின் இறகிலிருந்து ஓர் ஒல்லிப்பேனை எடுத்து, 1937-இல் புதிய இனமாக விவரித்தார்கள். புறாவோடு பேனும் போயிருக்கும் என்று நம்பி, கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ், அதாவது ‘அழிந்துபோன கொலம்பிகோலா’ என்று பெயரும் வைத்தார்கள். 1999-இல் கிளேட்டனும் ரோஜர் பிரைஸும் மேற்கு அமெரிக்காவின் பட்டைவால் புறாக்களில் வாழும் பேன்களை நுணுகிப் பார்த்தபோது அதே இனம் அங்கே சௌக்கியமாக இறகு மென்றுகொண்டிருந்தது. அறிவியல் பெயரை, பொருள் தப்பாகிவிட்டது என்பதற்காக மாற்ற விதியில்லை. ஆகவே அந்தப் பேனுக்கு இன்றும் அதே பெயர்தான்.